ஜப்பார் அண்ணாச்சி குரலில் கேட்ட கிரிக்கெட்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

டிவியில் தமிழ் கமென்ட்ரி வந்த பிறகுதான் தன் வீட்டுப் பெரியவர்கள் கிரிக்கெட் பக்கமே வந்தார்கள் என்று சிங்கப்பூர்த் தம்பி போன மடலில் எழுதியிருந்தான். தம்பி, ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழெல்லாம் வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே உங்க தாத்தா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தமிழில்தான் டெஸ்ட் மேட்ச் கேட்டார். சொன்னவரும் நம்ம பக்கத்து ஆள்தான்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்.

1980-ல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளாவும் ஆடிய ரஞ்சி மேட்சில்தான் அவர் தமிழ் வர்ணனைக்கு வந்தார். அதற்கு முன்னே ரேடியோ நாடகத்தில் நடித்துப் பழகிய குரல். எங்கே இழுக்கணும், எங்கே நிறுத்தணும் என்று அதுக்குத் தெரியும். கூடவே வானொலி அண்ணா கூத்தபிரானும் வர்ணனை சொல்வார். எங்க கடை பெஞ்சில் அவருக்கும் ரசிகர்கள் உண்டு. யார் மேல் என்று சண்டையும் உண்டு.

மற்ற ஊர் மேட்ச் என்றால் ஆகாசவாணியில் இந்தியும் இங்கிலீஷும் மாறி மாறி வரும். இந்தி வந்ததும் கடைக்காரர் சவுண்டைக் குறைத்துவிட்டு வடை போடப் போய்விடுவார். மெட்ராஸ் டெஸ்ட் வந்தால் தமிழிலேயே சொல்வார்கள், கதையே வேற. வயலுக்குப் போகிறவர்கூட வண்டியை நிறுத்திவிட்டு, “ஏல, எத்தன விக்கெட்டு?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

1988 பொங்கல் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். எதிரில் ரிச்சர்ட்ஸ் கேப்டனாக இருந்த வெஸ்ட் இண்டீஸ். நம்ம சுழல் பந்துக்காரன், பத்தொன்பது வயசுப் பையன் ஹிர்வானிக்கு அதுதான் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 61 ரன்னுக்கு எட்டு விக்கெட், இரண்டாவதில் 75-க்கு எட்டு. முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட். விக்கெட் கீப்பர் கிரண் மோரே இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும், கோட்டைத் தாண்டி இறங்கி வந்த ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். ஸ்டம்பிங்கை ரேடியோவில் கேட்பது தனி அவஸ்தை. பேட்ஸ்மேன் இறங்கி வந்தார் என்று காதில் விழுந்ததுமே சனங்களின் சத்தம் பொங்கிவிடும். சிக்ஸரா, அவுட்டா? வர்ணனையாளர் வாயைத் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள் கடையில் இரண்டு கட்சி ஆகிவிடும். நம்ம ஆள் அவுட் என்றால் சத்தமே வராது, அதிலேயே தெரிந்துபோகும். கடைசியில் 255 ரன்னில் ஜெயித்தோம். கடைக்காரர் வடை, போண்டா விலை எழுதும் சிலேட்டில் விலையை அழித்துவிட்டு ஸ்கோர் எழுதினார். பொங்கல் முடிந்தும் அதை அழிக்க விடவில்லை நாங்கள்.

எனக்கு ஜப்பார் அண்ணாச்சியிடம் பிடித்தது வேகமோ அடுக்குமொழியோ இல்லை. பந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது, யார் ஓடுகிறார், எல்லைக்கோட்டுக்கு முன்னால் மறித்தாரா விட்டாரா என்பதைச் சொல்லாமல் அடுத்த பேச்சுக்குப் போகமாட்டார். மெட்ராஸையே பார்க்காத எங்களுக்குச் சேப்பாக்கம் மைதானத்தில் பட்டாபிராமன் கேட் முனை எது, அண்ணா பெவிலியன் முனை எது என்று அத்துப்படி. இப்போது டிவியில் பேசுகிறவர்கள் பந்து போடும்போதுகூடத் தங்களுக்குள் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறார்கள். படம்தான் தெரிகிறதே என்ற தைரியம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஓவர் கேட்டுப் பாருங்கள், என்ன நடந்தது என்று ஒன்றும் பிடிபடாது. வயசான புலம்பல் என்று இளவட்டங்கள் சொல்லலாம், சொல்லட்டும்.

பின்னாளில் லண்டன் ஐபிசி தமிழ் வானொலியிலும் அவர் வர்ணனை செய்தார். ஐரோப்பாவில் இருந்த ஈழத்து நண்பர்கள் அவரைத் தங்கள் ஆள் மாதிரியே பேசுவார்கள். 2020 டிசம்பரில் காலமானார். கொரோனா நேரம். ஊருக்கு யாரும் போக முடியாமல் இருந்தோம். குழுவிலும் இரண்டு வரி இரங்கலோடு நிறுத்திவிட்டோம், அது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். சவுதியிலிருந்து லீவில் வந்தவர்கள் கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட்டில் அப்போது சிலர் வர்ணனையை கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். நடுத்தெரு வீடுகளில் பரண் மேல் கிடக்க வாய்ப்பிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தேடிப் பாருங்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களாக இழுத்துப் பார்க்க வேண்டாம், என்னிடம் அனுப்புங்கள். இங்கே மஸ்கட்டில் பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஆள் ஒருவர் இருக்கிறார். செலவு என்னுது.