லுவாண்டியில் குளம் கட்டும் பாடம்: எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வரமுடியவில்லை, தண்ணீரும் குறையுதில்லை

கேள்வி (கிளிநொச்சி, தரம் 8 கணிதம்)
பரப்பளவும் கனவளவும் படிப்பிக்க கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் லுவாண்டி (பழைய மைன்டெஸ்ட்) விளையாட்டை ஆய்வுகூடத்தில் போட்டிருக்கிறோம். இணையம் இல்லை, ரவுட்டர் மட்டும்தான். 20 கணினியில் 14 உள்ளே வருகுது, மிச்சத்துக்கு மறுப்பு. மற்றது, குளத்துத் துருசை (மதகை) திறந்தால் வாய்க்காலில் கொஞ்சத் தூரம் ஓடித் தண்ணீர் நின்றுவிடுது, குளமும் வற்றுதில்லை. ரவுட்டரை மாற்ற வேணுமா?

மறுமொழி 1
ரவுட்டரில் பிழை இல்லை ரீச்சர். ஆட்கள் எண்ணிக்கைக்கு இயல்பாகவே 15 என்று வரம்பு இருக்கு, உங்கட கணினியும் அதில் ஒன்று. அமைப்புகளில் மேலதிகமானவற்றைக் காட்டச் சொல்லி, சேவர் பகுதியில் அதிகபட்சப் பயனர்களை 25 ஆக்குங்கோ. உலகத்தை மூடித் திரும்பத் திறந்தால்தான் பிடிக்கும். அதோடு டமேஜை (ஆளுக்கு ஆள் அடித்தால் காயம்படுவதை) நிறுத்திவிடுங்கோ, இல்லாட்டி பாடம் முழுக்க அடிபாடுதான்.

மறுமொழி 2
தண்ணீர் விஷயம் வேறை. ஊற்றுக் கட்டியில் (தண்ணீர் புறப்படும் கட்டியில்) இருந்து ஏழெட்டுக் கட்டித் தூரம்தான் பாயும், எவ்வளவு பாய்ந்தாலும் ஊற்று குறையாது. ஆகவே நீரோட்டம் படிப்பிக்க இந்த விளையாட்டு சரிவராது. கனவளவுக்கு மட்டும் எடுங்கோ: தண்ணீருக்குப் பதில் நீலக் கம்பளிக் கட்டி போடுங்கோ.

ஒரு கட்டி 1 கன மீற்றர், 1000 லீற்றர். 16×16 சதுரம் 256 சதுர மீற்றர், எங்கட காணி அளவில் ஒரு பரப்புக்கு (ஏறத்தாழ 253 சதுர மீற்றர்) கிட்ட. 64×64 போட்டால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். அதில் மூன்று அடுக்கு நிரப்பினால் 12,288 கட்டி, கிட்டத்தட்ட 10 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). கையால் அடுக்க ஏலாது. வேர்ல்ட்எடிட் என்ற மோடில் (விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரலில்) இரண்டு மூலையைக் குறித்து நிரப்புங்கோ. இரணைமடுக் குளம் அளவுக்குப் பெரிதாகத் தொடங்கிவிடாதேங்கோ, பழைய கணினி இழுபடும். பார்வைத் தூரத்தையும் 50க்குக் குறைக்கலாம்.

துருசு திறப்பதென்றால் மேல் அடுக்கைப் பிள்ளைகள் வெட்டி எடுக்கட்டும். வெட்டினது எத்தனை என்று பையைப் பார்த்து எண்ண முடியாது. கட்டிகள் வேண்டிய மட்டும் கிடைக்கும் கிரியேட்டிவ் நிலையில் ஒன்றுக்கு மேல் சேராது. நீளத்தை அகலத்தால் பெருக்கித்தான் வரவேணும். அதுவும் நல்லதுதான்.

கேள்வி கேட்டவர்
ஒருத்தர் கட்டினதை மற்றவர் உடைக்கிறதுக்கு?

மறுமொழி 1
உடைக்கிற ஆளின் இன்டராக்ட் உரிமையை (கட்டி வைக்க, உடைக்க விடும் அனுமதியை) பறியுங்கோ. நடக்கலாம், பார்க்கலாம், தொட ஏலாது. பாடம் முடிய உலகத்தை மூடிவிட்டு அதன் கோப்புறையைப் பென்ட்ரைவில் எடுத்து வையுங்கோ. திறந்திருக்கும்போது கொப்பி பண்ணினால் அரைகுறையாக வரலாம்.