மறுதேர்வு எழுதியவரின் பழைய மதிப்பெண்ணை அப்படியே மாற்றிவிடலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் 38 மாணவர்களுக்கு இயற்கணிதம் நடத்துகிறேன். மாறியை இங்கே ‘க’ என்று எழுதிக்கொள்கிறேன். முதல் அலகுத் தேர்வில் 7 − (க − 3) என்பதைச் சுருக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி 4 − க என்று எழுதியிருந்தாள். அடைப்புக்குறிக்கு முன்னுள்ள கழித்தல் குறி முதல் உறுப்போடு நின்றுவிடுகிறது என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. அதே பிழை ஐந்து கணக்குகளில் வந்ததால் 10க்கு 3 மதிப்பெண்தான் கிடைத்தது. மூன்று வாரம் கழித்துச் சமன்பாடுகள் நடத்தும்போது, பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி அதே இடத்தில் தவறியதை அவளே சுட்டிக்காட்டி, “மூன்றைக் குறைவாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம், அதனால் மீதி மூன்று கூடத்தானே வேண்டும்?” என்று விளக்கியதை நான் கேட்டேன். பதிவேட்டில் மட்டும் அந்த 3 அப்படியே இருக்கிறது.

அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் மறுதேர்வு வைக்க விரும்புகிறேன். ஆனால் முதல் முறையே படித்து எழுதியவர்களுக்கு இது அநீதியாகுமா, “பிறகு எழுதிக்கொள்ளலாம்” என்று மற்றவர்கள் படிப்பைத் தள்ளிப்போடுவார்களா என்ற தயக்கம் இருக்கிறது. வினாத்தாள் தயாரிக்கும் சுமையும் உண்டு. பழைய மதிப்பெண்ணை நீக்கிவிடுவதா, இரண்டுக்கும் சராசரி எடுப்பதா என்பதில்தான் முதலில் தெளிவு தேவைப்படுகிறது.

பதில்: உயர்நிலை வகுப்பு ஆசிரியர்

அம்மா, சராசரி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே திறனில் நான்கு முறை சோதிக்கப்பட்ட ஒரு மாணவர் வரிசையாக 3, 4, 8, 9 என்று பெறுகிறார். இன்னொருவர் 9, 8, 4, 3 என்று பெறுகிறார். இருவருக்கும் சராசரி 6. ஒருவர் கற்றுக்கொண்டுவிட்டார், மற்றவர் பிடியை இழந்துகொண்டிருக்கிறார். இருவரையும் ஒரே எண்ணால் குறித்தால் அந்த எண் பெற்றோருக்கோ மாணவருக்கோ அடுத்த ஆண்டு ஆசிரியருக்கோ எதைத் தெரிவிக்கும்? உங்கள் மாணவிக்கு 3க்கும் 9க்கும் நடுவே 6 என்று போட்டால், அவள் எந்த நாளிலும் இருந்திராத ஒரு நிலையைப் பதிவு செய்தவராவீர்கள்.

நான் முதலில் மாற்றியது பதிவேட்டைத்தான். ‘அலகுத் தேர்வு 1’ என்ற கட்டத்துக்குப் பதிலாக ‘அடைப்புக்குறி நீக்குதல்’, ‘ஒத்த உறுப்புகளைச் சேர்த்தல்’, ‘சொற்கணக்கைச் சமன்பாடாக்குதல்’ என்று திறன்வாரியாகக் கட்டங்கள் போட்டேன். அதன் பிறகு வினாத்தாள் சுமை பெரிதும் குறைந்தது, ஏனென்றால் மறுதேர்வு முழு அலகுக்கும் நடப்பதில்லை. தவறிய ஒரு திறனுக்கு மட்டும், மூன்று கணக்குகளோடு, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தள்ளிப்போடுவார்கள் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. நிபந்தனை இல்லாமல் திறந்துவிட்டால் அதுதான் நடக்கும். என் வகுப்பில் மறுதேர்வு கேட்பவர் முதலில் தம் பழைய விடைத்தாளை எடுத்து, ஒவ்வொரு பிழைக்கும் கீழே ‘நான் என்ன நினைத்து இப்படி எழுதினேன், அது ஏன் பொருந்தாது’ என்று சொந்த வாக்கியத்தில் எழுதித் தர வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று ஒரு சொல்லில் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்தத் தாளை எழுதுவதற்குள் பாதிப் பேருக்குப் பாடம் புரிந்துவிடுகிறது. முதல் முறையே நன்றாக எழுதியவர்களைப் பொறுத்தவரை, அவர்களுடைய 9 அப்படியேதான் இருக்கிறது. அடுத்தவரும் 9க்கு வந்ததால் அவர்கள் எதையும் இழக்கவில்லை.

பதில்: தேர்வுப் பணியில் இருப்பவர்

முந்தைய பதிலில் சராசரியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாற்றிவிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிழைத்தாள் எழுதி, பயிற்சி செய்து, மறுநாளே மறுதேர்வு எழுதும் மாணவர் அன்று காட்டுவது பெரும்பாலும் நேற்றைய நினைவு. கற்றது நாளாக நாளாக நழுவும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மையே சோதித்து எழுதிவைத்தார். எனவே திருத்தத்துக்கும் மறுதேர்வுக்கும் இடையில் சில நாட்களாவது இருக்க வேண்டும். மறுதேர்வில் தேறிய திறன் அடுத்த அலகுத் தேர்விலும் மற்றக் கணக்குகளோடு கலந்து ஒருமுறை வர வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்கிறேன். மதிப்பெண் இன்றைய புரிதலைச் சொல்ல வேண்டும் என்றால், மூன்று மாதம் கழித்து அதே திறனில் ஒருவர் தவறினால் அவருடைய 9ஐ 4 ஆக்கத் தயாராக இருக்கிறீர்களா? ஏறும்போது மட்டும் மாற்றுவோம், இறங்கும்போது மாற்றமாட்டோம் என்றால், அந்த எண் இதுவரை அவர் தொட்ட உச்சத்தைத்தான் சொல்கிறது. அப்படியே வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் எதைச் சொல்கிறோம் என்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1968இல் முழுத்தேர்ச்சிக் கற்றலை, அதாவது ஓர் அலகில் தேறிய பிறகே அடுத்ததற்குச் செல்லும் முறையை, விவரித்தபோது, அலகின் இடையே நடக்கும் வளரறி சோதனைகளுக்குத் தரமிட வேண்டாம், தேறியதா இல்லையா என்று மட்டும் குறித்துத் திருத்தப் பணி கொடுக்கலாம் என்றார். தரம் இறுதியில் நடக்கும் தொகுத்தறி தேர்வுக்கு உரியது. உங்கள் முதல் தேர்வுக்கு மதிப்பெண்ணே போடாமல் இருந்திருந்தால் இன்று அழிப்பதற்கு எதுவும் இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

பதில்: கணிதப் பயிற்றுநர்

எண்ணை எங்கே எழுதுவது என்பதைவிட, மறுதேர்வில் என்ன கேட்கிறோம் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 7 − (க − 3) என்பதை 9 − (க − 4) என்று எண் மாற்றிக் கொடுத்தால், ‘உள்ளே கழித்தல் இருந்தால் கூட்டு’ என்று மனப்பாடம் செய்தவரும் 13 − க என்று சரியாக எழுதிவிடுவார். அதே மாணவரிடம் க − (7 + 2க) என்று கேட்டுப் பாருங்கள். −க − 7 என்று வர வேண்டிய இடத்தில் 3க − 7 என்று எழுதுவோர் பலர், ஏனென்றால் அவர்கள் குறியின் வடிவத்தைப் பார்த்தார்களே தவிர, முழு அடைப்பையும் கழிக்கிறோம் என்று நினைக்கவில்லை. கணிதக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்கெம்ப் 1976இல் விதியை மட்டும் அறிந்திருப்பதையும், விதி ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அறிந்திருப்பதையும் இரு வேறு புரிதல்களாகப் பிரித்துக் காட்டினார். நாம் வைக்கும் மறுதேர்வு முதல் வகையை மட்டும் அளந்தால் மறுதேர்வே வீண்.

மூன்று கணக்குகளில் ஒன்று நேரடியாகச் சுருக்குவதாகவும், ஒன்று தலைகீழாகவும் இருக்கட்டும்: ‘10 − க என்று விடை வரும்படி அடைப்புக்குறியோடு இரண்டு கோவைகள் எழுதுக.’ மூன்றாவதாக ஒரு தவறான தீர்வைக் கொடுத்து, பிழை எந்த வரியில் நுழைந்தது என்று கேளுங்கள். பின்னங்களில் நான் அடிக்கடி தருவது இது: ‘ஒருவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினார்; கூட்டிப் பார்க்காமலேயே இது தவறு என்று எப்படிச் சொல்வாய்?’ 2/5 என்பது 1/2ஐ விடச் சிறியது, அரையோடு எதையோ சேர்த்த பின் அரைக்கும் குறைவாக எப்படி வரும் என்று ஒரு குழந்தை எழுதினால், அதற்குமேல் எனக்குச் சான்று தேவையில்லை.

முதல் தாளைத் திருப்பித் தரும்போது எண் எழுதாமல் குறிப்பு மட்டும் எழுதித் தரவும் பரிந்துரைக்கிறேன். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களே முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எண் கண்ணில் பட்டதும் குறிப்பைப் படிப்பது நின்றுவிடுகிறது என்பதை விடைத்தாள் திருப்பித் தந்த எவரும் வகுப்பிலேயே பார்த்திருப்பார்கள்.

பதில்: எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இந்தப் பருவத்தில் எல்லாத் திறன்களுக்கும் தொடங்காமல், அடைப்புக்குறி நீக்குதலுக்கு மட்டும் செய்து பார்க்கத் தீர்மானித்திருக்கிறேன். பிழைத்தாள் வாங்கி ஐந்து நாள் கழித்து மறுதேர்வு, அதன் மதிப்பெண் பழையதன் இடத்தில் வரும், அடுத்த அலகுத் தேர்வில் ஒரு கணக்கு மீண்டும் வரும். அதில் தவறினால் எண்ணைக் குறைக்காமல், கட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து மறுபடி அழைத்துப் பேசுவேன். அந்தப் பதிவேட்டு எண் உச்சத்தைக் குறிக்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லிவிட்டேன்.

நேற்று பதினோரு பேர் பிழைத்தாள் கொடுத்தார்கள். அந்த மாணவி, கழித்தல் குறியிலிருந்து அடைப்புக்குள் இருந்த இரண்டு உறுப்புகளுக்கும் தனித்தனியே அம்பு வரைந்து, “இரண்டாவது அம்பை நான் போடவே இல்லை” என்று எழுதியிருந்தாள். 10 − க என்று விடை வரும் கோவை எழுதச் சொன்னது மட்டும் மூன்று பேருக்குக் கேள்வியே புரியவில்லை. ‘அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி வர வேண்டும்’ என்று சேர்த்துக் கேட்டால் விடையைக் காட்டிக்கொடுத்துவிடுமா?

பதில்: கணிதப் பயிற்றுநர்

காட்டிக்கொடுக்காது, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்தக் குறி வர வேண்டும் என்பதை அவர்களேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.