பெற்றோர் பணத்துக்குக் காசோலைப் புத்தகம் யார் கையில் இருக்க வேண்டும்?

தாமிரபரணிக்காரி:
எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி எனக்குத் தெரிந்தவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நன்கொடை வரும் குழுக் கணக்குக்கு அவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் ஆறேழு வெற்றுக் காசோலைகளில் அவரிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "அவசரத்துக்கு உங்களைத் தேடி வயலுக்கு வர முடியாதும்மா" என்றாராம் தலைமை ஆசிரியர். தீர்மானப் பதிவேட்டிலும் கையெழுத்துகளுக்கு மேலே பாதிப் பக்கம் காலி. யாரும் பணம் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி நடந்தால் இரண்டு கையெழுத்து எதற்கு? தலைமை ஆசிரியர் வங்கிக் கணக்கிலிருந்தே விலகட்டும், பெற்றோரில் இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வெற்றுக் காசோலை தவறு, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் விலகச் சொல்வதை ஏற்க மாட்டேன். ஜூனில் பள்ளி திறந்த மறுநாள் மோட்டார் புகைந்து நிற்கும். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. மெக்கானிக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே பணம் கேட்பார், ரசீது கேட்டால் அடுத்த முறை வரமாட்டார். அந்த நேரத்தில் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பவர் யார்? அப்புறம், தணிக்கைத் தடை, அதாவது செலவில் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம், வந்தால் பதில் எழுதுவதும் தலைமை ஆசிரியர்தான். ஓய்வுபெறும் நேரத்தில் அது நிலுவையில் இருந்தால் அவருடைய பணப்பலன்தான் நின்றுபோகும். தலைவிக்கு ஒரு மெமோகூட வராது. பதில் சொல்ல வேண்டியவரிடம் கையெழுத்து அதிகாரம் வேண்டாம் என்பது நியாயமா?

கணக்கர் மதுரை:
சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21: குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை. மத்திய அரசு 2010இல் வெளியிட்ட மாதிரி விதிகளில் தலைவர் பெற்றோர், தலைமை ஆசிரியர் உறுப்பினர்-கூட்டுநர், அதாவது கூட்டத்தைக் கூட்டுகிறவர். குழுவின் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும், அந்தக் கணக்கறிக்கையில் தலைவர் அல்லது துணைத் தலைவரோடு கூட்டுநரும் கையெழுத்திட வேண்டும். ஆக, தலைமை ஆசிரியரை முழுதாக வெளியே நிறுத்த அந்த விதிகளில் இடமில்லை. அவரே எல்லாம் என்பதற்கும் இடமில்லை.

தொகையும் பெரிதல்ல. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து விழுக்காடு, அதாவது 5,000, தூய்மைப் பணிக்கு. 240 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 210 ரூபாய்கூட வராது. அதனால்தான் நன்கொடை தேவைப்படுகிறது. நன்கொடை என்று வந்தாலே கேள்வியும் வரும்.

இரண்டு பிள்ளை அப்பா:
பெற்றோர் இருவர் கையில் கொடுத்தால் போதும் என்கிறீர்கள். எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தை வந்து பாருங்கள். ஆட்சி மாறினால் தலைவரும் மாறுகிறார். போன தலைவரின் பிள்ளை கல்லூரி முடித்தே பல வருடம். பெயிண்ட் வேலை அவர் மச்சானுக்குப் போனது. தலைமை ஆசிரியர் அன்று கையெழுத்துப் போட மறுத்ததால்தான் பாதிப் பணமாவது மிஞ்சியது.

தாமிரபரணிக்காரி:
அது உண்மைதான், எங்கள் பக்கமும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அதைக் காரணம் காட்டித் தாய்மாரை ஒதுக்காதீர்கள். "அவங்களுக்குக் கணக்கு தெரியாது" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் சொன்ன தலைவி மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய குழுக்கள் இவை. வாரக் கூட்டம், சேமிப்பு, கடன், தவணை எல்லாவற்றுக்கும் அவர் பதிவேடு எழுதுகிறார். கூட்டத்தில் தொகையை உரக்கப் படித்த பிறகுதான் அங்கே யாரும் கையெழுத்துப் போடுவார்கள். அதே பெண் பள்ளிக்குள் வந்ததும் ஏன் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்? எதிரே உட்கார்ந்திருப்பவர் அவருடைய மகளுக்குப் பாடம் நடத்துகிறவர். மறுத்தால் பிள்ளையைக் கரித்துக்கொட்டுவார்களோ என்ற பயம். இந்த பயம் இருக்கும்வரை இரண்டாவது கையெழுத்துக்கு மதிப்பே இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை அம்மா. நல்ல வாத்தியாரிடமும் பெற்றோர் அப்படித்தான் நிற்கிறார்கள். சரி, இப்படிச் செய்யலாமே: அவசரச் செலவுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ முன்பணமாகத் தலைமை ஆசிரியரிடம் இருக்கட்டும். குழு தீர்மானம் போட்டுத் தரட்டும், அடுத்த கூட்டத்தில் அவர் கணக்குக் காட்டட்டும். அதற்கு மேல் எதுவானாலும் தொகையும் பெயரும் எழுதிய காசோலையில்தான் கையெழுத்து. காசோலைப் புத்தகம் தலைவி வீட்டில் இருக்கட்டும். ஆனால் தலைமை ஆசிரியர் கையெழுத்தை எடுக்காதீர்கள்.

கணக்கர் மதுரை:
ரொக்கப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை மாதாமாதம் படியெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். காயிலுக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு என்று பிள்ளையை விட வருகிற எல்லோரும் படிக்கட்டும். படி தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அரசுப் பள்ளி அதற்குள் வரும்.

தாமிரபரணிக்காரி:
முன்பணம் சரி, பலகையும் சரி. தலைமை ஆசிரியர் கையெழுத்து விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தலைவியோடு இன்னும் நாலு தாய்மாரை அழைத்துப் போகிறேன். கையெழுத்துப் போட்டு வைத்த காசோலைகளைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.