மீன் தொட்டி பின்னணி: பவளப்பாறைப் படமா, கறுப்பா, தெர்மோகோல் பாறையா?

குழித்துறை ஆற்றோரம்:
3 அடித் தொட்டி, 36 x 15 x 18 அங்குலம், 8 மி.மீ. கண்ணாடி. இன்னும் தண்ணி ஊத்தல. பின்னால இளம்பச்சைச் சுவர், இடைவெளி ரெண்டே அங்குலம். மழை தொடங்கினா அந்தச் சுவர் ஓதம் காத்துடும். கடையில பவளப்பாறைப் படம் போட்ட ஷீட்டை அடிக்கணக்கில வெட்டித் தாறாங்க. தெர்மோகோல்ல பாறை செதுக்கி, சிமெண்ட் பூசி உள்ளயே வைக்கலாம்னும் ஒரு யோசனை. மிஸ் கேரளா ஆறு விடணும். எது சரியா வரும்?

செங்கோட்டை நீர்ப்பாசி:
மிஸ் கேரளா, அதாவது செங்கணியான், மலையாற்று மீன். அதுக்குப் பின்னால கடல் பவளப்பாறையா? கண்ணுக்கு உறுத்தாதுன்னா உங்க இஷ்டம்.

கறுப்பு வினைல் ஸ்டிக்கர் ஷீட் ஒட்டுங்க. அந்த மீனின் சிவப்புக் கோடு கறுப்புல தான் எடுக்கும். ஹீட்டர், குழாய், ஒயரும் அதிகம் தெரியாது. வண்டி ஸ்டிக்கர் வெட்டுற கடையில பளபளப்பு இல்லாத மேட் ரகம் கேளுங்க. 38 x 20 அங்குலம் வாங்கினா நாலு பக்கமும் ஒரு அங்குலம் மிச்சம் நிற்கும்.

வெறுந்தொட்டியே 30 கிலோ இருக்கும். ரெண்டு பேர் பிடிச்சு, பின்கண்ணாடி மேல வர்ற மாதிரி மெத்தை மேல படுக்க வையுங்க. கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்துல கொப்புளம் தான். ஒரு லிட்டர் தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் நாலே சொட்டு கலந்து, கண்ணாடியிலயும் வினைலின் பசைப் பக்கத்துலயும் தாராளமா தெளிங்க. நனைஞ்சிருக்கும்போது ஷீட்டை நகர்த்திச் சரிபண்ணலாம். பழைய ஏடிஎம் கார்டுல துணி சுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளுங்க. மிச்ச ஓரத்தை ஒரு நாள் காய்ஞ்ச பிறகு வெட்டுங்க, விளிம்புக்கு 2 மி.மீ. உள்ளே. கண்ணாடிகளை ஒட்டியிருக்கிற மூலைச் சிலிக்கான் பசையில் பிளேடு பட்டால் தொட்டி ஒழுகும்.

களியக்காவிளை கெண்டை:
படம் தான் வேணும்னா தேங்காய் எண்ணெய் தடவி ஒட்டுங்க. டேப் மட்டும் போட்டா நடுவுல வெள்ளி மாதிரி மின்னும்.

செங்கோட்டை நீர்ப்பாசி:
மின்னுற காரணம் சரி. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல காத்து நின்னா சாய்வா வர்ற வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பிடும், படம் வரை போகாது. அந்த இடத்தை ஏதாவது திரவத்தால நிரப்பணும். ஆனா தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சு வெள்ளைத் திட்டாகும். எறும்பும் வரும், போகப்போகச் சிக்குவாடையும் அடிக்கும். மருந்துக்கடை கிளிசரின் 25 மில்லி இந்த அளவுக்குப் போதும். அது காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும், அதனால நாலு ஓரத்தையும் இடைவெளி விடாம டேப்பால மூடணும். ஒரு மூலை திறந்திருந்தாலும் உங்க ஊர் ரெண்டு மழைக்காலத்துல அது வழிஞ்சு இறங்கிடும்.

நாகர்கோவில் சிலிக்கான்:
தெர்மோகோல் பத்தி யாரும் சொல்லல. 90 x 45 செ.மீ. பலகை, 5 செ.மீ. கனம்னு வையுங்க. கிட்டத்தட்ட 20 லிட்டர் தண்ணியை ஒதுக்கும், அதாவது 20 கிலோ விசையில மேல எழும்பப் பார்க்கும். நாலு பொட்டு சிலிக்கான் தாங்காது. பின்பக்கம் முழுக்கக் கோடு கோடா போட்டு, சுத்து ஓரத்தையும் மூடணும். திறப்பு இருந்தா அழுக்கு உள்ள தேங்கும், மீன் நுழைஞ்சு வெளியே வர வழியில்லாமச் சாகும். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்த பாத்ரூம் சிலிக்கானை வாங்கிடாதீங்க. தின்னர் கலந்த பெயிண்ட் பட்டா தெர்மோகோல் கரைஞ்சிடும்.

சிமெண்ட் இன்னொரு தலைவலி. பூசி இறுகின பிறகு ரெண்டு மூணு வாரம் ஊறப்போட்டு, மூணு நாளுக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும். ஊறின தண்ணியின் பி.எச். (அமில, காரத்தன்மை அளவு) குழாய்த்தண்ணி அளவுக்கு இறங்குற வரை மீன் விடக்கூடாது.

அதைவிட முக்கியம்: மிஸ் கேரளா 15 செ.மீ. வரை வளரும், கூட்டமா விரைஞ்சு நீந்தும். ஆறு மீனுக்கு 4 அடி வேணும். இருக்கிற 15 அங்குல அகலத்துல ரெண்டு அங்குலத்தைப் பாறைக்குக் கொடுக்காதீங்க. மூடியும் போடுங்க, துள்ளும்.

குழித்துறை ஆற்றோரம்:
அப்போ வினைல் தான். மீனை செர்ரி பார்ப்ங்கிற சின்ன ரகத்துக்கு மாத்திக்கறேன். பக்கக் கண்ணாடிக்கும் ஒட்டணுமா? தண்ணி நிறைச்சு ஓடிட்டிருக்கிற தொட்டி ஒண்ணு அண்ணன் வீட்டுல இருக்கு, அதுக்கு என்ன செய்ய?

செங்கோட்டை நீர்ப்பாசி:
ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்துக்கு மட்டும் ஒட்டுங்க, மீன் மிரளாது. உப்புத்தண்ணின்னா கறுப்புல நீர்க்கோட்டு ஓரம் வெள்ளை வெள்ளையா தெரியும், அதுக்கு வினிகர் தொட்ட துணி போதும்.

ஓடுற தொட்டியை நகர்த்த வேண்டாம். மேட் கறுப்பு சன்பேக் ஷீட்டை (பிளாஸ்டிக் அட்டை) அளவு வெட்டி, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மேலிருந்து இறக்குங்க. கண்ணாடியில ஒட்டாம ஒரு அங்குலம் தள்ளி நிற்கட்டும். பாதி தொட்டுப் பாதி தொடாம இருந்தா ஈரம் சிக்கித் திட்டுத் திட்டா தெரியும். சார்ட் பேப்பர் மட்டும் வேண்டாம், ஓதத்துல ஒரே மழைக்கு ஊறிப் பொதபொதன்னு ஆயிடும்.