அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்

சித்தி: சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவைப் பார்க்கப் போகிறேன். மகன் இறந்து பத்து நாள் ஆகிறது. பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் புத்தகத்தில் எதை வாசிக்கலாம்?

மாமா: 1:21 இருக்கிறதே. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.

நான்: மாமா, அது யோபு தன் வாயால் சொன்னது. பறிகொடுத்தவரிடம் போய் நாம் சொன்னால் அது வேறு. 3ஆம் அதிகாரத்தில் அவரே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதை யாரும் துக்க வீட்டில் வாசிப்பதில்லை.

மாமா: சரி, 13:15? அவர் என்னைக் கொன்றுபோட்டாலும் அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்.

அண்ணன்: அந்த வசனத்தில் ஒரு சிக்கல் உண்டு மாமா. எபிரெயத்தில் எழுதியிருப்பது 'லோ', அதாவது 'இல்லை'. எனக்கு நம்பிக்கையில்லை என்று ஆகிவிடும். அதே ஒலிக்கு வேறு எழுத்துப் போட்டால் 'அவருக்கு'. அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று ஏடு காத்தவர்கள் ஓரத்தில் குறித்து வைத்தார்கள். நம் பைபிள் அந்த ஓரக் குறிப்பின்படி.

மாமா: நீ என்னடா, இருக்கிற நம்பிக்கையையும் பிடுங்குகிறாய் 😄 எப்படியோ, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். சாத்தான் சோதித்தான் என்று முதல் அதிகாரத்திலேயே வருகிறதே.

நான்: அது வாசிக்கிற நமக்குத்தான் தெரியும். யோபுவுக்குக் கடைசி வரை தெரியாது. 38ஆம் அதிகாரம் தொடங்கிப் பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசுகிறார்: வரையாடு ஈனுகிற காலம் தெரியுமா, கடலுக்குக் கதவு போட்டது யார். பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சைப் பற்றி மூச்சு விடவில்லை.

அத்தை: கடைசியில் எல்லாம் இரட்டிப்பாய்க் கிடைத்ததே!

அண்ணன்: ஆடு 7000 போய் 14000. ஒட்டகம் 3000 போய் 6000. பிள்ளைகள் மட்டும் திரும்பவும் 7 மகன், 3 மகள்.

அத்தை: முதல் பத்துப் பேரும் கர்த்தரிடத்தில் இருப்பதால் அதுவும் இரட்டிப்புதான் என்று எங்கள் சபை ஐயர் சொல்வார்.

ஆச்சி: எனக்கு முதல் பிள்ளை ஒன்பதாம் மாதம் போயிற்று. அப்புறம் மூன்று பெற்றேன். அந்தக் கணக்கை அன்றைக்கும் வந்து சொன்னார்கள்.

அத்தை: 🙏 மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை.

நான்: யோபுவைத் தேற்ற வந்த கூட்டாளி பில்தாத் இதைவிட மோசம் ஆச்சி. 8:4இல், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் தண்டனை என்கிற மாதிரிப் பேசுகிறான், பெற்றவனிடமே. இத்தனைக்கும் கர்த்தருக்குக் கோபம் வந்தது கூட்டாளிகள்மேல்தான். 42:7இல் கர்த்தர் இன்னொரு கூட்டாளியான எலிப்பாஸிடம், என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கேள்வி கேட்டுக் கத்தினவர் தப்பித்தார், தேவனுக்கு வக்கீலாய் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மாமா: அப்படியானால் போய் என்னதான் சொல்வது?

அண்ணன்: 2:13. அந்தக் கூட்டாளிகள் ஏழு பகல், ஏழு ராத்திரி தரையில் யோபுவின் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் 16:2இல் 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்', அதாவது ஆறுதல் சொல்ல வந்து தொல்லை கொடுக்கிறவர்கள் என்று யோபுவிடம் பெயர் வாங்கினார்கள்.

(இரவு 8:40)

சித்தி: போய் வந்தேன். பைபிள் பையிலேயே இருந்தது. அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆச்சி: நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ.