பச்சை எரிந்தால் போதுமா? – செஃப் கிளஸ்டர் கண்காணிப்பு

வட்டு வைத்தியர்:
செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் மென்பொருள்) கிளஸ்டர் நிறுவுவது பற்றிய இழையில் ஆலந்தூரான் ஐயா நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "செஃப் 'ஹெல்த் ஓகே' என்று காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். புரோமீதியஸ், கிராஃபானா எல்லாம் மேனேஜருக்குப் படம் காட்டத்தான்." (அளவுகளைத் திரட்டுவது புரோமீதியஸ், வரைபடமாக்குவது கிராஃபானா.) அங்கேயே பதில் போட்டால் தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதனால் தனி இழை.

ஐயாவிடம் ஒரே கேள்வி. ஒரு ஓஎஸ்டியில் (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் நிரல்) ஒரு ரைட் 29 நொடி தொங்கினால் உங்கள் பச்சை விளக்கு என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. 30 நொடி தாண்டினால்தான் 'ஸ்லோ ஆப்ஸ்' எச்சரிக்கை வரும், அதுதான் டீஃபால்ட். 29 நொடி! டேட்டாபேஸ் வைத்திருப்பவன் அதற்குள் செத்துப் பிழைத்துவிடுவான்.

ஆலந்தூரான்:
தம்பி, என் வாக்கியத்தின் தலையை வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறீர்கள். "சின்ன கிளஸ்டராக இருந்தால்" என்று முன்னால் இருந்தது. வசதியாக மறந்துவிட்டீர்கள்.

30 நொடி என்ன கல்வெட்டா? 'ஓஎஸ்டி ஆப் கம்ப்ளெயின்ட் டைம்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது. 5 என்று மாற்றினால் முடிந்தது கதை. டிஸ்க் போனால் ஹெல்த் சொல்கிறது. மானிட்டர் (கிளஸ்டரின் நிலையைக் கணக்கில் வைக்கும் நிரல்) விழுந்தால் சொல்கிறது. மானிட்டர்களின் கடிகாரம் 0.05 நொடி விலகினால்கூடச் சொல்கிறது. இடம் 85% தாண்டினால் சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும், ஜாதகமா?

வட்டு வைத்தியர்:
5 என்று மாற்றலாம், சரி. நீங்கள் மாற்றினீர்களா? மாற்றியிருக்க மாட்டீர்கள். மாற்றியிருந்தால் ஒவ்வொரு பேக்ஃபில் (டேட்டாவை டிஸ்க் மாற்றிக் கட்டும்) நேரத்திலும் எச்சரிக்கை மழை கொட்டியிருக்கும், உங்கள் தூக்கமும் போயிருக்கும்.

சாகாத டிஸ்க் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். செத்த டிஸ்க் பிரச்சினையே இல்லை. ஓஎஸ்டி டவுன் ஆகும், 600 நொடி பார்த்துவிட்டு செஃப் அதை அவுட் செய்யும், டேட்டா வேறு இடத்தில் கட்டிக்கொள்ளும். ஆனால் சாவதற்கு முன்னால் இழுத்துக்கொண்டு கிடக்குமே, அந்த டிஸ்க்? டிஸ்க்கின் ஸ்மார்ட் சுயசோதனையில் 'பாஸ்டு'. ஓஎஸ்டி அப், இன் இரண்டும் சரி. ஹார்ட்பீட் ஒழுங்கு. 'செஃப் ஓஎஸ்டி பெர்ஃப்' (ஓஎஸ்டிகளின் தாமதத்தைக் காட்டும் கட்டளை) அடித்தால் மட்டும் மற்ற வரிகள் 8, 11, 9 மில்லிநொடி என்று போக, ஒரு வரியில் 900. டிமெசேஜில் (கர்னல் பதிவில்) அந்த டிஸ்க்கின் பெயரோடு ரீட் எரர் வரிசைகட்டி நிற்கிறது. ஹெல்த்? பச்சை.

48 டிஸ்க், 3 பிரதி என்று வையுங்கள். சராசரியாகப் பதினாறில் ஒரு பிஜி (டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) அந்த டிஸ்க்கைத் தொடும். மூன்று பிரதியும் எழுதி முடித்தால்தான் கிளையன்டுக்குப் பதில் போகும். அப்படியானால் பதினாறு ரைட்டில் ஒன்று 900 மில்லிநொடி. 29 நொடிகூட வேண்டாம், ஒரு நொடிக்குள்ளேயே ஆள் காலி. பச்சைதான் எரிகிறது.

நெட்வொர்க் நாகு:
ரெண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். ஹெல்த் 30 நொடி வரை ஊமை என்று யார் சொன்னது? ஓஎஸ்டிகளுக்கு இடையே ஹார்ட்பீட் பிங் 1 நொடி தாண்டினாலே 'ஸ்லோ ஹார்ட்பீட்' எச்சரிக்கை வரும். 20 நொடி கிரேஸில் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 5%, அதுதான் கணக்கு. படித்துவிட்டு வாருங்கள்.

வட்டு வைத்தியர்:
நாகு ப்ரோ, அது வயரைப் பார்க்கிறது, டிஸ்க்கைப் பார்க்கவில்லை. நான் சொன்ன ஓஎஸ்டி பிங்குக்கு ஜம்மென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ரைட் மட்டும்தான் 29 நொடி தொங்கும். "ஹார்ட்பீட் ஒழுங்கு" என்று எழுதியிருந்தேனே, படித்துவிட்டுத்தான் வந்தீர்களா?

நெட்வொர்க் நாகு:
முதலில் 29 நொடி, அப்புறம் 900 மில்லிநொடி, இப்போது மறுபடி 29. எது ஐயா உங்கள் டிஸ்க்?

புதுசு பாண்டி:
அண்ணா, நான் இப்போதுதான் மூன்று நோடில் செஃப் போட்டிருக்கிறேன். செஃப்பின் மேனேஜர் நிரலில் புரோமீதியஸ் மாட்யூலை ஆன் செய்து 9283 போர்ட்டில் தகவல் வருகிறது. எந்தெந்த அளவைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆலந்தூரான்:
வைத்தியர் ஊருக்கு உபதேசம் செய்கிறார். போன வருடம் இதே மன்றத்தில் "டீப் ஸ்கிரப் தாமதம் என்று தினமும் மஞ்சள் காட்டுகிறது, எப்படி வாயை அடைப்பது" என்று கேட்டது யார்? ஒரு வாரத்துக்கு ஒரு முறை பிஜியை முழுசாகப் படித்துச் சரிபார்க்கும் வேலையையே முடிக்க முடியாத கிளஸ்டர் வைத்திருக்கிறவர், எனக்கு 29 நொடி பாடம் எடுக்கிறார்!

என் கிளஸ்டர் இப்போதும் பச்சை. ஸ்கிரீன்ஷாட் கீழே.

வட்டு வைத்தியர்:
ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஹெல்த் ஓகே'-க்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'மியூட்டட்' என்று இருக்கிறதே ஐயா? எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டு ஓகே வாங்கியிருக்கிறீர்கள். இந்த மியூட் வசதி 2020இல் ஆக்டோபஸ் பதிப்பில் வந்தது. யாருக்காக வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

டீப் ஸ்கிரப் பற்றி நான் கேட்டது உண்மை. ஸ்கிரப்பை நிறுத்தும் வழி கேட்கவில்லை. நீங்கள்தான் நியர்ஃபுல் (இடம் நிரம்புகிறது) எச்சரிக்கை வரம்பை 0.85இலிருந்து 0.89க்கு ஏற்றிவிட்டு "எச்சரிக்கை போய்விட்டது, நன்றி" என்று எழுதியவர். அந்த இழை இன்னும் இருக்கிறது. மொத்தக் கணக்கில் 78%தான் நிரம்பியிருக்கும், டேட்டாவைச் சமமாகப் பரப்பும் பேலன்சர் ஆஃபில் கிடக்கும், ஏதோ ஒரு ஓஎஸ்டி மட்டும் 95% தொடும், அதைத் தொடும் பூலில் (டேட்டாவின் தனிப் பிரிவு) ரைட் நின்றுபோகும். அப்போது விளக்கு சிவப்பாகும். 89% வரை பச்சைதானே?

ஆலந்தூரான்:
மியூட் செய்தது பராமரிப்பு நேரத்தில், மூன்று மணி நேரத்துக்கு மட்டும். அதைக்கூடக் குற்றம் என்றால் பேச ஒன்றும் இல்லை. 0.89 வேறு கதை. புது நோடு வண்டியில் வந்துகொண்டிருந்தது.

கிராஃபானாவில் வைத்தியர் பார்ப்பது என்ன? லேட்டன்சி (தாமதம்) சம் வகுத்தல் கவுன்ட். அதாவது சராசரி. 47 டிஸ்க் 10 மில்லிநொடி, ஒன்று 900 என்றால் சராசரி 28. கிராஃபில் ஒரு சின்னப் புடைப்பு. அதைப் பார்த்தா நடுராத்திரியில் எழுந்திருப்பீர்கள்?

வட்டு வைத்தியர்:
அடடா, கிளஸ்டர் முழுவதையும் ஒரே கோடாகப் போட்டுப் பார்ப்பவருக்கு 28தான் தெரியும். ஓஎஸ்டி ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு போட வேண்டும். அப்போது 47 கோடு தரையில் கிடக்கும், ஒன்று மட்டும் கூரையில் நிற்கும். சராசரியை விட எத்தனை மடங்கு என்று பார்த்து அலர்ட் வைக்க வேண்டும். படம் காட்டத்தான் கிராஃபானா என்றவர், படத்தையே தப்பாகப் பார்த்திருக்கிறார்.

பாண்டி தம்பி, பொறு, வருகிறேன். முதலில் இவர் 29 நொடிக்குப் பதில் சொல்லட்டும்.

நெட்வொர்க் நாகு:
புதுப் பதிப்புகளில் புளூஸ்டோரே (ஓஎஸ்டி டிஸ்க்கில் எழுதும் அடுக்கு) மெதுவாகிவிட்டது என்று தனி எச்சரிக்கை வருகிறதே, அதை ஏன் இருவருமே சொல்லவில்லை? பழைய பதிப்பில் உட்கார்ந்துகொண்டு சண்டை. செர்ன் (ஐரோப்பிய அணு ஆய்வு மையம்) ஆட்கள் 2013இலிருந்து செஃப் ஓட்டுகிறார்கள், அவர்கள் இப்படியா கத்துகிறார்கள்?

வட்டு வைத்தியர்:
அந்த எச்சரிக்கையும் சில நொடி தொங்கினால்தான் வரும், 900 மில்லிநொடிக்கு வராது. செர்ன் பெயரைச் சொன்னால் பயந்துவிடுவோமா? அவர்களிடம் கிளஸ்டரைப் பார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. இங்கே ஆலந்தூரான் ஐயாவும் அவர் தூக்கமும்தான்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தூக்கம் பற்றிய பின்னூட்டங்கள் இனி நீக்கப்படும்.

ஆலந்தூரான்:
மட்டுறுத்துநர் எப்போதும் கடைசியில்தான் வருவார், அதுவும் வைத்தியர் திட்டி முடித்த பிறகு. இருக்கட்டும். அந்த 900 மில்லிநொடி டிஸ்க் என்ன டிஸ்க் என்று கேட்டீர்களா யாராவது? விலை குறைவு என்று எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வகை) டிஸ்க் வாங்கிப் போட்டிருப்பார். அதில் ரேண்டம் ரைட் போட்டால் கடவுளே வந்தாலும் லேட்டன்சி இறங்காது. வாங்குவதில் கஞ்சத்தனம், பழி ஹெல்த் மேல்.

வட்டு வைத்தியர்:
எஸ்எம்ஆர் இல்லை, சிஎம்ஆர் (தடங்கள் தனித்தனியாக உள்ள வகை). எஸ்எம்ஆராக இருந்தால் ஒரு டிஸ்க் ஏன் தனியாக நிற்கப் போகிறது, எல்லாமே 900 காட்டுமே! டிமெசேஜில் ரீட் எரர் என்று சொன்னதையும் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

கஞ்சத்தனம் என்று ஆரம்பித்தது நீங்கள், நான் இல்லை. பவர் லாஸ் பாதுகாப்பு (மின்சாரம் போனாலும் எழுதியதைக் காக்கும் வசதி) இல்லாத வீட்டு எஸ்எஸ்டியில் டேட்டாபேஸ் வால்யூமைப் போட்டுவிட்டு, "ஒவ்வொரு சிங்குக்கும் (டிஸ்க்கில் உறுதியாக எழுதச் சொல்வது) ஏன் இவ்வளவு நேரம், செஃப் சரியில்லை" என்று அழுதது யார்?

ஆலந்தூரான்:
அந்த எஸ்எஸ்டியை வாங்கச் சொன்னதே நீங்கள்தான்!

புதுசு பாண்டி:
அண்ணா, நானும் அதே எஸ்எஸ்டிதான் வாங்கியிருக்கிறேன். பிரச்சினையா?

வட்டு வைத்தியர்:
நான் சொன்னது பூட் டிஸ்க்குக்கு, ஓஎஸ்டிக்கு இல்லை. லிங்க் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் ஒட்டுகிறேன். அதுவரை யாரும் இழையைப் பூட்ட வேண்டாம்.