பகலெல்லாம் டயட், ராத்திரி மிக்சர்: இப்படி வருகிறவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

தகடூர் தோழி (தருமபுரி):

வணக்கம். தருமபுரி டவுனில் சின்னதாக ஒரு உணவு ஆலோசனை மையம் நடத்துகிறேன். என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் நாலைந்து டயட் பார்த்து ஓய்ந்துபோய்த்தான் வருகிறார்கள். பேலியோ, பவுடர் ஷேக், யூடியூபில் பார்த்த 1,200 கலோரி சார்ட். எடை குறைகிறது, அப்புறம் போனதற்கு மேலேயே ஏறிவிடுகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பென்னாகரம் பக்கம் டீச்சர். காலையில் வெந்நீரும் எலுமிச்சையும் மட்டும். மத்தியானம் டப்பாவில் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். ராத்திரி வீட்டில் எல்லாருக்கும் களி கிண்டிப் போட்டுவிட்டு இவர் ஓட்ஸ் குடிக்கிறார். பத்தரை மணிக்கு வீடு அடங்கியதும், அடுப்படியில் லைட்டுகூடப் போடாமல் நின்றபடியே மிக்சர், பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட், மீந்த சோறு என்று கையில் கிடைத்ததெல்லாம். அப்புறம் அழுகை. மறுநாள் தண்டனை மாதிரி பட்டினி. மாமியார் கேட்டால் சஷ்டி விரதம் என்கிறார். கல்யாணம் காட்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பீரோவில் பத்துப் பன்னிரண்டு பழைய ஜாக்கெட், 'மெலிஞ்சதும் போட்டுக்கலாம்' என்று மடித்து வைத்திருக்கிறாராம்.

படிக்கிற கட்டுரையெல்லாம் கவலை வந்தால் நடக்கச் சொல், பாட்டுக் கேட்கச் சொல் என்கின்றன. ராத்திரி பத்தரைக்கு இவர் எங்கே போய் நடப்பார்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் வாசி:

என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள் மேடம். பல பேருக்கு உதவுகிறது.

காவேரிப்பட்டணம் அக்கா:

நோட்டு வேண்டாம் என்பேன், இப்போதைக்கு. தினமும் கணக்குப் பார்த்துக் களைத்துப்போன பெண் அவர். இன்னொரு கணக்கு நோட்டு கொடுத்தால் அதையும் பரீட்சை பேப்பர் மாதிரிதான் பார்ப்பார்.

தோழி, படித்ததும் அந்த மத்தியான டப்பாதான் எனக்கு உறுத்தியது. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் பூராவும் நின்று பாடம் நடத்தி, பஸ்ஸில் ஊர் திரும்பி, களி கிண்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பாத்திரம் கழுவி முடிக்கிற உடம்பு ராத்திரி என்ன கேட்கும்? சோறுதான் கேட்கும். கிருஷ்ணகிரி பக்கம் பல வருடமாகக் கவுன்சிலிங் செய்கிறேன், அடித்துச் சொல்கிறேன்: வயிறு காய்ந்திருக்கிறவரிடம் மனசைப் பற்றி என்ன பேசினாலும் ஏறாது. முதலில் பகலில் சாப்பிட வையுங்கள்.

இதை நம்பாதவர்களுக்கு நான் மின்னசோட்டா ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி நடத்தியது. உடம்பும் மனசும் நன்றாக இருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,600 கலோரி மட்டும் கொடுத்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர்கள் உண்டு. எரிச்சலும் சோர்வும் வந்தன. திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது சிலருக்கு நிறுத்தவே முடியவில்லை. அந்த 1,600-ஐ நீங்கள் சொன்ன யூடியூப் 1,200 கலோரி சார்ட்டோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லை' என்று தன்னைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் இட்லியோ கஞ்சியோ, எதுவானாலும் சரி. மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. களி தின்றால் குண்டாகிவிடுவேன் என்ற பயம் நம் மாவட்டங்களில் எப்படிப் புகுந்ததோ, நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு உருண்டை களி, கீரைக் கடைசல், ஒரு முட்டை, இதை அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஸ்கூல் விட்டதும் ஒரு கை வேகவைத்த வேர்க்கடலை. மிக்சரைப் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். சாயங்காலம் தட்டில் போட்டு, பிள்ளைகளோடு பேசிக்கொண்டு தின்னட்டும். ஒளித்துத் தின்பது நின்றாலே பாதி வேகம் அடங்கிவிடும்.

வயிறு நிறைந்த பிறகும் ராத்திரி கை போகிறதா? அப்போதுதான் மனசு விஷயம். 'அதுக்கு அரை மணி முன்னாடி வீட்ல என்னம்மா நடந்துச்சு?' என்று கேளுங்கள். அந்த டீச்சருக்கு நாளில் தனியாகக் கிடைக்கிற நேரமே அந்தப் பத்தரை மணிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிடுங்கினால் பதிலுக்கு என்ன கொடுப்பீர்கள்? பாத்திர வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு, இவர் கால் மணி நேரம் மொட்டைமாடியில் சும்மா உட்கார முடியுமா? வீட்டுக்காரரையும் ஒரு முறை வரச்சொல்லுங்கள்.

அந்த ஜாக்கெட்டுகளை விட்டுவிடாதீர்கள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவை அவரைக் குத்துகின்றன. உள்ளே துணி விட்டிருந்தால் தையல் பிரித்துவிடலாம், இல்லாவிட்டால் இன்றைய அளவுக்குப் புதிதாக இரண்டு தைக்கட்டும். டெய்லரிடம் அளவு கொடுக்கக் கூசினால், இப்போது சரியாக இருக்கிற ஒன்றைக் கொடுத்தால் போதும். உடம்பைப் பிடிக்க வேண்டும் என்று இப்போதே கேட்காதீர்கள், அது பெரிய வேலை. மூச்சு விட இடம் இருக்கிற துணியைப் போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தாலே போதும். அங்கே 'என்னம்மா இப்படி ஊதிட்ட?' என்று யாராவது கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று உங்கள் முன்னால் வாய்விட்டுப் பழகட்டும். 'அத்தை, உடம்பைப் பத்தி மட்டும் பேச வேண்டாங்க, மத்ததெல்லாம் பேசலாம்.' மரியாதையும் இருக்கிறது, விஷயமும் முடிந்தது.

விரதத்தை எதிர்த்துப் பேச வேண்டாம், சாமி விஷயம். விரதம் முடித்துச் சாப்பிடும்போது நிம்மதியா, பயமா என்று மட்டும் கேளுங்கள். பதிலை வைத்து எது விரதம், எது பட்டினி என்று அவருக்கே புரியும்.

பாலக்கோடு நர்ஸ்:

அக்கா சொல்வது சரி. ஆனால் எங்களிடம் வருகிறவர்களுக்குச் சுகர், பிரஷர் இருக்கிறது. டாக்டரே எடை குறைக்கச் சொல்லித்தான் அனுப்புகிறார். அவர்களிடம் எடையைப் பற்றிப் பேசாமல் எப்படி?

காவேரிப்பட்டணம் அக்கா:

பேசலாம் சிஸ்டர், மறைக்க வேண்டாம். ஆனால் சுகர் இருப்பவருக்கு இந்தப் பட்டினியும் ராத்திரி அள்ளித் தின்பதும் இன்னும் கெடுதல். இன்சுலினோ, சுகரை இறக்குகிற சில மாத்திரைகளோ எடுப்பவர் வேளை தப்பினால் லோ சுகரில் மயங்கி விழலாம். அதனால் நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் அவர்களுக்கும் முதல் பாடம். சாப்பாட்டு நேரத்தை மாற்றும்போது மருந்தை டாக்டர் பார்த்துவிடட்டும். முன்னேற்றத்தைக் காட்ட மூன்று மாதச் சுகர் டெஸ்ட் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, மூச்சு வாங்காமல் மாடி ஏறுவது இருக்கிறது. எடை மிஷினை வாசலில் வைக்காமல் உள் அறையில் வையுங்கள், கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

தோழிக்கு இன்னொன்று. நிறுத்த முடியாமல் அள்ளித் தின்பது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக இருந்தால் அது நோயாக இருக்கலாம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5 அதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. விரலை விட்டு வாந்தி எடுக்கிறாரா, பேதி மாத்திரை போடுகிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆம் என்றாலோ, சாக வேண்டும் போலிருக்கிறது என்றாலோ நாம் தனியாகக் கையாளக்கூடாது. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ராயக்கோட்டை மல்லி:

நான் ஆலோசகர் இல்லை, அந்த டீச்சர் மாதிரி இருந்தவள். என் வீட்டில் அம்மாதான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'இன்னும் ஒண்ணு வேணுமா' என்று அவர் கேட்கிற தொனியிலேயே எழுந்து போய்விடுவேன், அப்புறம் ஒளிந்து தின்பேன். எனக்கு ஆலோசனை சொன்னவர் அம்மாவைக் கூப்பிட்டு, என் தட்டைப் பற்றி ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்றார். அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் இருந்தார். அந்த டீச்சரின் மாமியாரிடமும் யாராவது பேசுங்கள்.

தகடூர் தோழி:

அக்கா, சிஸ்டர், மல்லி, மூவருக்கும் நன்றி. டீச்சர் வரும் சனிக்கிழமை வருகிறார். வாந்தி, மாத்திரை பற்றி அன்றைக்கே கேட்டுவிடுகிறேன். இல்லை என்றால் காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்காரரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். மாமியாரிடம் நானே பேசுவதா, மகனை விட்டுப் பேச வைப்பதா அக்கா?

காவேரிப்பட்டணம் அக்கா:

மகனே பேசட்டும். நீங்கள் போனால் மருமகள் புகார் சொன்னதாகிவிடும். டீச்சர் சம்மதித்த பிறகு மட்டும்.